கண்ணாடி போட்ட டாக்டர்

கணபதி, கோயமுத்தூர்
20-10-2024

அன்புள்ள தம்பி பரணிக்கு,

அக்கா சுகந்தி எழுதுகிறேன். நீயும் அபிநயாவும் லூதியானாவில் சௌக்கியமா? குளிர் ஆரம்பித்துவிட்டதா? இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை. அதை வேறொரு நாள் எழுதிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குத் தபால் போடுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ, "சரிங்க்கா, ஒடம்பப் பாத்துக்குங்க்கா, இன்னொரு கால் வருதுங்க்கா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் போடுவாய். காகிதம் என்றால் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். நீ படிக்காமல் விட்டாலும் அபிநயா எடுத்துப் படிப்பாள்.

படுத்த வாக்கில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். அடிவயிற்று ஓரத்திலிருந்து இடுப்பு வரை நீளத் தையல். உள்ளே பிளேட்டும் ஸ்குரூக்களும். காலைக் கீழே ஊன்ற இன்னும் அனுமதி இல்லை. துருவன் கட்டிலோரம் வந்து, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டுகிறான். என் மாமியார் வந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறார். மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது? அம்மாவுக்குத் தன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கோபம் இருக்கிறது. அவன் மேல் இல்லை.

உன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. உன் பத்திரிகையை அன்னூர் அத்தை வீட்டில் வைத்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது சரக்கு ஆட்டோ இடித்தது. தொடை எலும்பின் பந்து உட்காருகிற இடுப்புக் கிண்ணம் உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவன் நீதான், அதை நான் மறக்கவில்லை. உன் மாமா கம்பெனி வேலையாக ராஜ்கோட்டில் இருந்தார். அம்மா உடுமலையில் மண்டபத்துக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் பேசியது நீ ஒருவன்தான். வலிக்குப் போட்ட ஊசியில் அரை மயக்கமாகக் கிடந்த என்னிடம் வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சின்ன விரிசல்தானுங்க்கா. கல்யாணம் முடிஞ்சு வந்து ஆபரேசன் பண்ணிக்கிட்டாப் போதும்னு டாக்டரு சொல்லிட்டாருங்க்கா."

அந்த வார்த்தையை நம்பித்தான் மறுநாளே காரின் பின்சீட்டில் உடுமலை வரை படுத்து வந்தேன். உன் மாமா ராஜ்கோட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது நான் அம்மா வீட்டுக் கட்டிலில் இருந்தேன். ஏன் கூட்டிவந்தாய் என்று அவர் கேட்டதற்கும், "டாக்டரே சொல்லிட்டாருங்க மாமா" என்றாய். அந்த வார்த்தையை நம்பித்தான் உன் மணவறையில் எழுந்து நின்றேன். மறுவீடு முடிந்த கையோடு நீ ரயில் ஏறிவிட்டாய். நான் ஆபரேஷனுக்குப் போனேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். காத்திருக்கலாம் என்று சொன்ன அந்த டாக்டரின் பெயர். என்னை ஆபரேஷன் செய்த சாஜிதா பேகம் மேடத்திடம் கேட்க வாய் வரை வந்தது. அவர்கள் ஆஸ்பத்திரி ஆளைப் பற்றி அவர்களிடமே எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். நீ எழுது. நடக்க ஆரம்பித்ததும் முதல் நடை அந்த ஆளிடம்தான்.

அபிநயாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
சுகந்தி

*

லூதியானா
17-11-2024

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி பரணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் அபிநயாவும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் உடம்பு, மாமா, துருவன் குட்டி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஸ்வெட்டர் சீசன் என்பதால் எங்கள் கம்பெனி நூலுக்கு ஓயாமல் ஆர்டர் வருகிறது, நிற்க நேரமில்லை. இங்கே குளிரில் காலையில் கதவைத் தொட முடியவில்லை. அபிநயா சப்பாத்தி போடப் பழகிவிட்டாள், வட்டம்தான் இன்னும் வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் கேட்ட டாக்டர் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை அக்கா. கண்ணாடி போட்ட பையன், சின்ன வயசு. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் பெயரா கேட்கத் தோன்றும்? போனது போகட்டும், உடம்பைத் தேற்றுங்கள்.

இன்னொன்று. அம்மா அன்றைக்கு, மணவறையில் மாப்பிள்ளையோடு நின்று செய்கிற இணைச்சீரைக் கூடப்பிறந்தவள்தான் செய்யணும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை. நான் என்ன செய்ய முடியும்?

அந்த மேடத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கேயே ஏன் காட்ட வேண்டும்? கோயமுத்தூரில் இல்லாத ஆஸ்பத்திரியா? வேறு நல்ல இடமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நான் விசாரித்துச் சொல்கிறேன்.

துருவனுக்கு வைகாசியில் காது குத்து வைத்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். என் மடியில் உட்காரப்போகிற முதல் மருமகன். இப்போதே இங்கே தோடு பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் அன்புத் தம்பி,
பரணிதரன்

*

கணபதி, கோயமுத்தூர்
26-11-2024

அன்புள்ள பரணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பதில் சந்தோஷம். என் நலத்தை விவரமாகவே எழுதுகிறேன், கேட்டிருக்கிறாய் அல்லவா.

போன வாரம்தான் வாக்கர் பிடித்துக் கால் விரலை ஊன்றவிட்டார்கள். கிருபாவதி என்று ஒரு சிஸ்டர், "விரல் மட்டும் வெய்யுங்க அம்மணி, எடையப் போட்டுப் போடாதீங்க" என்று பின்னாலேயே வருகிறார். படுக்கையிலிருந்து கதவு வரைக்கும் போனேன். வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

முதல் நாள் எடுத்த ஸ்கேனையும், கல்யாணம் முடிந்து வந்தபோது எடுத்த ஸ்கேனையும் சாஜிதா மேடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நான் பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவள் என்பதால் எனக்குப் புரியும் என்று காட்டினார். எனக்குப் புரிந்து தொலைத்தது.

முதல் படத்தில் கிண்ணத்தில் ஒரு கோடுதான். எலும்பு இடம் மாறவே இல்லை. அந்த நிலையிலேயே செய்திருந்தால் திறக்கவே வேண்டாமாம். ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஸ்குரூ போக வேண்டிய வழியைத் திரையில் முன்னாலேயே வரைந்துகொள்வார்களாம். இடுப்பில் ஓர் அடையாளக் கம்பியைப் பொருத்தி, டிரில் முனை உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று கேமரா திரையில் காட்டிக்கொண்டே இருக்குமாம். சின்னத் துளை வழியாக முதலில் மெல்லிய கம்பி, அதன் மேல் நடுவில் ஓட்டை உள்ள ஸ்குரூ. "எலும்புக்குள்ள வழி ரொம்பக் குறுகல்ங்க. ஒரு பக்கம் நரம்பு, ரத்தக் குழாய். இன்னொரு பக்கம் மூட்டு. ஸ்குரூ மூட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டா பந்து ஒரசி ஒரசித் தேஞ்சுபோயிரும். அதனாலதான் வழிகாட்டி வெச்சுப் போடறது" என்றார். மூன்று தையல்கூட வந்திருக்காதாம்.

இரண்டாவது படத்தில் அந்தக் கோடு வாயைத் திறந்திருந்தது. கிண்ணமே இரண்டு துண்டாக விலகி, நடுவில் எலும்பு கண்டபடி ஒட்ட ஆரம்பித்திருந்தது. அதைத் திறந்து, ஒட்டியதைப் பிரித்து, இழுத்துச் சேர்த்து, பிளேட்டு வைத்து, அதன் பிறகுதான் அந்த வழிகாட்டியை வைத்து ஸ்குரூ போட முடிந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கிண்ணத்தின் உள்பூச்சு உரசிப் போனதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாதாம்.

எப்போது விலகியது என்று எனக்குத் தெரியும், பரணி. உன் இணைச்சீரில் விலகியது. இடுப்புக்குக் கட்டிய பெல்ட்டுக்கு மேல் பட்டுச்சேலை கட்டி, இரண்டு பேர் தாங்கி என்னை மணவறைக்குக் கொண்டுவந்தார்கள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு உன் கக்கத்தில், இன்னொரு தலைப்பு என் கையில். தாங்கியவர்கள் படத்தில் விழக் கூடாது என்று விலகிக்கொண்டார்கள். "அம்மணி, நேரா நில்லு சாமி" என்றார் சீரை நடத்திய அருமைக்காரர். நேராக நின்றேன். உள்ளே ஏதோ நழுவியது. நான் முனகியது உனக்குக் கேட்டது. நீ என் பக்கம் திரும்பாமலே, "கொஞ்சம் பொறுத்துக்குங்க்கா, வீடியோ ஓடுது" என்றாய்.

அந்த வீடியோவை நீ போட்டுப் பார்த்திருப்பாய். என் முகம் எப்படி வந்திருக்கிறது?

உன்னைச் சொல்லி என்ன, மாப்பிள்ளைக் கோலத்தில் உனக்கு என்ன தெரியும். அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா மகள் செய்யலாம் என்று முறை இருக்கிறது. பெரியப்பா வீட்டோடு கிணற்றுத் தண்ணீர் முறைக்காக வந்த சண்டையில், மேனகாவைக் கூப்பிடுவதைவிட மகள் இடுப்பு போனாலும் பரவாயில்லை என்று நம் அம்மா பாவாத்தாள் அம்மாள் முடிவு செய்துவிட்டார்கள். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். நீ போன் செய்யும்போது சொல்லிவிடு.

கண்ணாடி போட்ட பையன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு அடையாளம் போதும். ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதப் போகிறேன். சாஜிதா மேடத்தை மட்டும் மாற்ற மாட்டேன். என்னிடம் மறைக்காமல் பேசுகிற ஒரே ஆள் அந்த அம்மாதான்.

அக்கா,
சுகந்தி

*

லூதியானா
5-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் மாமாவுக்கும் துருவனுக்கும் எங்கள் இருவரின் புத்தாண்டு வாழ்த்துகள். இந்த வருஷம் உங்கள் உடம்புக்கு நல்ல வருஷமாக இருக்க மருதமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே பனிமூட்டத்தில் லாரிகள் எல்லாம் நின்றுவிட்டன. எனக்குச் சளி, காய்ச்சல். அதனால்தான் எழுத முடியவில்லை.

அபிநயா உங்களுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்திருக்கிறாள். பார்சலில் வரும். கோயமுத்தூர்க் குளிருக்கு அது அதிகம்தான், இருந்தாலும் போர்த்திக்கொள்ளுங்கள்.

புகார் எல்லாம் வேண்டாம் அக்கா. அந்தப் பையன் பாவம், படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருப்பான். அவன் பிழைப்பில் மண் விழுந்தால் நமக்கு என்ன வரப்போகிறது? நீங்கள் இளகிய மனசுக்காரர், பின்னால் வருத்தப்படுவீர்கள்.

அம்மாவிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். சரி என்று போனை வைத்துவிட்டார்கள்.

நான் விசாரித்ததில் பீளமேட்டுப் பக்கம் ஒரு எலும்பு டாக்டர் நன்றாகப் பார்க்கிறாராம். எண் அனுப்புகிறேன். அடுத்த தடவை அங்கே போய்ப் பாருங்கள்.

உங்கள் தம்பி,
பரணிதரன்

*

கணபதி, கோயமுத்தூர்
18-1-2025

பரணிக்கு,

சால்வை வந்தது. நன்றாக இருக்கிறது என்று அபிநயாவிடம் சொல். உன் காய்ச்சல் தேவலையா? இங்கே நான் ஊன்றுகோலுக்கு வந்துவிட்டேன். கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டிருக்கிறார்கள். காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பிறகு படுத்தாக வேண்டும்.

பொங்கலன்று அம்மா வந்திருந்தாள். உடுமலையிலிருந்து பஸ் மாறி மாறி, கரும்பும் ஒரு தூக்குப் போசியில் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்தாள். நான் எழுந்து வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து துருவனுக்கு ஊட்டிவிட்டு, என் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். "காலு வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பொங்கலை நான் தொடவில்லை.

எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அவளைப் பார்த்தாலே மணவறையில் நின்றது ஞாபகம் வருகிறது.

மாட்டுப் பொங்கலன்று யார் வந்தது தெரியுமா? மேனகா. சண்டைக்குப் பிறகு முதல் தடவை. என் தையலைப் பார்த்து அழுதுவிட்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா வந்து நின்னிருப்பனேங்க்கா. கெணத்துத் தண்ணிக்கும் இதுக்கும் என்னங்க்கா இருக்குது?" என்றாள். அவள் போன பிறகு அம்மா மேல் இன்னும் இரண்டு மடங்கு எரிச்சல் வந்தது.

அந்தப் பையன் மேல் உனக்கு எதற்கு இத்தனை இரக்கம்? கூடப்பிறந்தவள் இடுப்பு முறிந்து கிடக்கிறாள், பெயர் தெரியாத ஒருவன் பிழைப்புக்காக நீ எனக்குப் புத்தி சொல்கிறாய். பெயர் வேண்டாம், ஆளைக் காட்டு போதும். மாசியில் விடுப்பு எடுத்து வா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

சுகந்தி

*

லூதியானா
20-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். மாசியில் வர முடியாது போல் இருக்கிறது, கணக்கு முடிக்கிற நேரம்.

அந்த டாக்டர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இனிமேல் தேடிப் பிரயோசனம் இல்லை அக்கா. விட்டுவிடுங்கள்.

துருவனுக்குத் தோடு எடுத்துவிட்டேன். சின்னதாக, சிவப்புக் கல் வைத்தது. படம் அனுப்பியிருக்கிறேன். காது குத்துத் தேதி மட்டும் சொல்லுங்கள், டிக்கெட் போட்டுவிடுகிறேன். அவனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கை பரபரக்கிறது.

உங்கள் தம்பி,
பரணிதரன்

*

கணபதி, கோயமுத்தூர்
16-3-2025

பரணி,

நலம் விசாரிக்கிற வரிகளை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

நேற்று ஆறு மாதப் பரிசோதனை. சாஜிதா மேடத்திடம்தான் போனேன். எக்ஸ்ரேயில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இப்போதே குறைய ஆரம்பித்திருக்கிறது. "எத்தன வருசம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க. தேஞ்சுட்டா மூட்டையே மாத்தோணும். தரையில உக்காராதீங்க, குந்தாதீங்க, கொழந்தையத் தூக்காதீங்க" என்றார். எனக்கு வயது முப்பத்து மூன்று.

எனக்கு அடக்க முடியவில்லை. உங்க ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த கண்ணாடி போட்ட டாக்டர் காத்திருக்கலாம் என்று சொன்னதால்தானே இத்தனையும், அவர் பெயரைச் சொல்லுங்கள், வெளிநாடு போயிருந்தாலும் விடமாட்டேன் என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏனுங்க சுகந்தி, அன்னிக்குச் சாயங்காலம் உங்களப் பாத்ததே நாந்தானுங்க. கண்ணாடி போட்ட பையன்னு எங்ககிட்ட யாருமே இல்லீங்க. உங்க தம்பியக் கூப்புட்டு, படத்தக் காட்டி, இன்னும் வெலகல, நாலஞ்சு நாளைக்குள்ள ஸ்குரூ போட்டுட்டா சின்னத் தொளையோட முடிஞ்சுரும், அதுவரைக்கும் கால ஊனவே கூடாதுன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். ஊட்டுல பெரியவங்களக் கலந்துட்டு வாரோம்னு கூட்டிட்டுப் போனாரு. நீங்க எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவுன்னுதானுங்க நான் இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன். அதனாலதான் அதப் பத்திப் பேச்சே எடுக்கல."

நான் எழுந்தபோது ஊன்றுகோல் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்த அம்மாவை மாற்று, மாற்று என்று நீ இரண்டு கடிதம் எழுதினாய். இப்போது புரிகிறது.

என்னிடம் சொன்னாய், சரி, மயக்கத்தில் கிடந்தேன். மாமாவிடம் சொன்னாய். அதற்குப் பிறகு இத்தனை மாதம் உட்கார்ந்து, ஆற அமர, இல்லாத ஒருவனுக்குக் கண்ணாடி மாட்டினாய். அவனுக்கு இளம் வயது கொடுத்தாய். அவன் பிழைப்புக்காக என்னிடம் கெஞ்சினாய். கடைசியில் அவனை வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டாய். கூடப்பிறந்தவளுக்கு இத்தனை மெனக்கெட்டாயா, பரணி?

ஆபரேஷன் என்றால் இணைச்சீருக்கு ஆள் இல்லை. மேனகாவைக் கூப்பிட வேண்டும், இல்லை கல்யாணத்தைத் தள்ள வேண்டும். இரண்டும் உனக்கு ஆகவில்லை. அவ்வளவுதானா, வேறு ஏதாவது இருக்கிறதா? எழுது. ஞாபகம் இல்லை என்று மட்டும் எழுதாதே.

சுகந்தி

*

கணபதி, கோயமுத்தூர்
20-4-2025

பரணி,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் போட்ட கடிதம் உன் கைக்குத்தான் வந்தது என்று தபால்துறையின் இணையதளம் சொல்கிறது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

சித்திரைக்கனிக்கு உடுமலை போனேன். உன் மாமா கார் ஓட்டினார். அம்மா தோட்டத்தில் தேங்காய் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஊன்றுகோலோடு இறங்குவதைப் பார்த்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், மேனகாவைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது யார் என்று.

சொல்ல மாட்டேன் என்றுதான் முதலில் நின்றாள். நான் டாக்டர் சொன்னதைச் சொன்ன பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பொறுக்கலாம்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு எங்கிட்டயும் அதையேதான் சொன்னான் கண்ணு. அப்படி இருந்தும் எனக்கு மனசு கேக்கல. ஒடஞ்ச புள்ளைய நிக்க வெக்கோணுமான்னுட்டு மேனகாவக் கூப்புடச் சேலைய மாத்திக் கெளம்பீட்டேன். உன் தம்பிதான், பெரியப்பன் மகன் அந்த நஞ்சுண்டன் கெணத்துச் சண்டையில என்னை ஊருக்கு முன்னால நெட்டித் தள்ளுனவன், அவன் ஊட்டு வாசல மிதிச்சீங்கன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு குறுக்க நின்னுபோட்டான்."

அப்புறம் ஏனம்மா இத்தனை நாள் என் ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றேன்.

"நீ எம்மேல கோவமா இருந்தா, எம் மக எங்கிட்டப் பேச மாட்டா, அவ்வளவுதானே. அவம்மேல கோவப்பட்டீனா நாளைக்கு நான் போனப்புறம் உனக்குப் பொறந்த ஊடே இல்லாமப் போயிருமே சாமி."

பொங்கலன்று அவள் என் அறை வாசலில் நின்றாள், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்தத் தூக்குப் போசி இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. என் இடுப்பைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். இதற்கு நீ என்னிடம் எதைச் சொல்லித் தப்பிப்பாய்?

அம்மா இப்போது என்னோடு கணபதியில்தான் இருக்கிறாள். துருவனைத் தூக்குகிறாள்.

சுகந்தி

*

லூதியானா
18-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பரணி எழுதுவது. நீங்களும் அம்மாவும் மாமாவும் துருவனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் பல நாள் கழிந்துவிட்டது. உங்கள் இரண்டு கடிதங்களையும் அபிநயா படித்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை.

அந்த நேரத்தில் என் நிலைமையையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மண்டபம் பிடித்தாகிவிட்டது, ஊரெல்லாம் பத்திரிகை போய்விட்டது, பெண் வீட்டார் அபசகுனம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். கோடு மாதிரிதானே இருக்கிறது, ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள்? ஏதோ தப்பு நடந்துபோய்விட்டது அக்கா.

எனக்குத் தண்டனை எது வேண்டுமானாலும் கொடுங்கள். துருவனின் காது குத்தில் மட்டும் என்னை ஒதுக்கிவிடாதீர்கள். தாய்மாமன் இருக்கும்போது பிள்ளை வேறு மடியில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? தோடு என் பெட்டியில் இருக்கிறது. மடியை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள். தேதி எழுதினால் வந்துவிடுவேன்.

உங்கள் தம்பி,
பரணிதரன்

*

கணபதி, கோயமுத்தூர்
27-5-2025

அன்புள்ள பரணிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே அம்மாவும் உன் மாமாவும் துருவனும் நலம். நான் ஊன்றுகோலோடு நடக்கிறேன். மழை வரும் நாட்களில் இடுப்பு எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அபிநயா உன்னோடு பேசாமல் இருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மண்டபம் இருந்தது, பெண் வீட்டார் இருந்தார்கள், ஊர் இருந்தது. என் கால் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அதில் எங்கேயும் இல்லை. இப்போதும் ஊர் என்ன பேசும் என்றுதான் உனக்குப் பயம்.

காது குத்து வைகாசி கடைசி ஞாயிறு, நம் குலதெய்வம் கோயிலில். துருவன் நஞ்சுண்டன் மடியில் உட்காருகிறான்.

அம்மாவும் நானும் போன வாரம் பெரியப்பா வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போனோம். அவர்கள் வாசல்படி உயரம், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் கீழேயே தயங்கி நின்றேன். உள்ளேயிருந்து நஞ்சுண்டன் ஓடி வந்து, "பாத்துங்க்கா, மெதுவா, என்னையப் புடிச்சுக்குங்க" என்று கை கொடுத்தான். விஷயத்தைச் சொன்னோம். பாலுசாமி பெரியப்பா, "இதையெல்லாம் கேக்கோணுமா அம்மணி, அவனும் மாமன்தானே" என்றார். மேனகா காப்பி கொண்டுவந்தாள். அது ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

பெரியப்பா மகன் மாமனாக உட்கார முறை இருக்கிறது. பெரியப்பா மகள் இணைச்சீர் செய்ய முறை இருந்ததைப் போலத்தான். அன்றைக்கு அம்மாவை அந்தப் படி ஏற விட்டிருந்தால், இன்றைக்கு அதை ஏற எனக்கு ஒரு கை தேவைப்பட்டிருக்காது.

தோட்டை நீயே வைத்துக்கொள். துருவனுக்கு எடுத்தாகிவிட்டது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் ஆகும்.

உன்னை வராதே என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா உன் முகத்தைப் பார்த்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. வந்து, சொந்தக்காரர்களோடு சொந்தக்காரனாக நின்று பார். பிள்ளை அழும்போது அவன் நஞ்சுண்டன் சட்டையைப் பிடித்துக்கொள்வான். அதையும் நின்று பார். வீடியோவும் ஓடும்.

சாப்பாடு கோயில் மண்டபத்தில். எல்லாரும் தரையில் பந்தி. என்னால் கீழே உட்கார முடியாது என்பதால் ஓரமாக ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்கு எதிரே இரண்டு இலை காலியாக இருக்கும். ஒன்று உனக்கு. வரும்போது அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரையும் கூட்டிக்கொண்டு வா. இன்னொன்று அவருக்கு.

உன் அக்கா,
சுகந்தி